தடுப்பூசி அட்டைக்கும் தாய்மை அட்டைக்கும் நடுவே

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் நான். ஒரு குழந்தை பிறந்ததும் அதன் தாயின் கையில் தடுப்பூசி அட்டை ஒன்று கொடுப்போம். பிறந்த அன்று பி.சி.ஜி., பிறகு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம், ஒன்றரை வயது, ஐந்து வயது என்று அந்த அட்டை நிறைந்துகொண்டே போகும். ஒரு தவணை தப்பினால் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டுவார். அதே குழந்தை வளர்ந்து, மணமாகி, கருவுற்றால் மறுபடி ஓர் அட்டை. எடை, இரத்த அழுத்தம், இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன் என்று மறுபடி எல்லாரும் அவளைச் சுற்றி நிற்போம்.

இந்த இரண்டு அட்டைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். பத்து வயதில் ஒரு டிடி ஊசி, பதினாறு வயதில் ஒரு டிடி ஊசி. அந்த இரண்டு ஊசிகளுக்கு இடையில்தான் ஒரு பிள்ளைக்குக் குரல் உடைகிறது, மாதவிடாய் தொடங்குகிறது, முகத்தில் பரு வருகிறது, யாரிடமும் சொல்ல முடியாத முதல் விருப்பமும் முதல் அவமானமும் வருகின்றன. ஆண் பிள்ளைக்கோ இரண்டாவது அட்டையே கிடையாது. அவன் பெயரில் அடுத்த சீட்டு நாங்கள் போடுவது நாற்பது வயதில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும்.

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இவர்கள் 25 கோடிக்கும் மேல். நம்மில் ஐந்தில் ஒருவர். பழந்தமிழ் இலக்கணக்காரர்கள் பெண்ணின் இந்தச் சில வருடங்களுக்குப் பெதும்பை, மங்கை, மடந்தை என்று மூன்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டு வயதுக்காரியும் பன்னிரண்டு வயதுக்காரியும் பதினாறு வயதுக்காரியும் ஒருத்தி அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் புறநோயாளிப் பதிவேட்டில் இவர்களுக்கென்று ஒரு பத்தி இருந்ததில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் என்று இருந்தது. நடுவில் வந்தவர்களை ‘இதர’ என்ற தலைப்பில் எழுதினேன். அப்படி எழுதிய கைதான் இது. அதனால்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன், குறிப்பாகச் சோற்றைப் பற்றி.

ஒரு மனிதர் வளர்ந்து எட்டும் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பருவத்தில்தான் சேர்கிறது. எடையில் பாதி வரை இப்போதுதான் ஏறுகிறது. வாழ்நாள் முழுக்கத் தாங்கப்போகும் எலும்பின் கனத்திலும் பாதியளவு இந்த வருடங்களில்தான் படிகிறது. அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளும் பாட்டியின் எலும்புக் கணக்கு அவளுடைய பதினான்கு வயதில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,700 கிலோ கலோரி. பதினாறு முதல் பதினெட்டு வயதுப் பையனுக்கு 3,320. நடுத்தர உழைப்புள்ள வளர்ந்த ஆணுக்கே 2,710தான். வீட்டில் அப்பாவுக்கு வைப்பதைவிட அதிகச் சோறு அந்தப் பையனுக்குத் தேவை. ‘என்னடா இப்படிக் கொட்டிக்கிறே’ என்று அவனைக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இனி, நம் மாநிலத்தின் பெருமையான ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அதற்குள்ளேயே நான் வருந்தும் ஒன்றும் இருக்கிறது. பள்ளியில் சோறு போடும் எண்ணம் நமக்குப் பழையது. 1920இல் நீதிக்கட்சி காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இது எவ்வளவு பெரிய காரியம் என்று வெறும் வயிற்றோடு பிரார்த்தனையில் நின்ற பிள்ளையைத் தூக்கிவந்து படுக்கவைத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று தொடங்கப்பட்டது. மதிய உணவோ பத்தாம் வகுப்பு வரை. அதாவது, வளரிளம் பருவம் தொடங்கும் பத்து வயதில் காலைத் தட்டு எடுக்கப்படுகிறது. 3,320 கிலோ கலோரி கேட்கும் பதினாறு வயதில் மதியத் தட்டும் எடுக்கப்படுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. சிறு குழந்தையின் பசி நம் கண்ணில் படுகிறது. மீசை அரும்பிய பிள்ளையின் பசி படுவதில்லை.

ஆறாம் வகுப்புக்குப் போனதும் பள்ளிக்கூடமும் மாறுகிறது. பக்கத்துத் தெருவில் இருந்த தொடக்கப்பள்ளி போய், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி ஓர் உயர்நிலைப்பள்ளி. காலை ஏழேகாலுக்கு வரும் ஒரே பேருந்தைப் பிடித்தாக வேண்டும். அம்மா அதற்கு முன்பே நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வண்டிக்கோ கிளம்பியிருப்பாள். ஒரு டீ, இரண்டு பிஸ்கட், அவ்வளவுதான் காலைச் சாப்பாடு.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஒருநாள் இரண்டு ஆசிரியைகள் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு கிராம். அந்த வயதில் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். தகவல் தெரிந்து ஓடி வந்த அம்மா சொன்னாள்: “காலையில பசிக்கலைன்னு சொல்லுது டாக்டரம்மா. எந்நேரமும் படுத்தே கிடக்குது. சோம்பேறின்னு நானே ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்.” அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இரத்தம் குறைந்தால் பசி மந்தமாகும், படியேற மூச்சு வாங்கும், படிப்பு மண்டையில் ஏறாது. நாம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். பையன்களுக்கு வராது என்று நினைக்கிறோம். அதே வயதுப் பையன்களில் நாடு முழுக்க 31 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. பெண்களுக்கு ஏன் கூடுதல் என்ற கணக்கு எளிது. மாதவிடாயில் ஒரு பெண் ஏறக்குறைய முப்பது நாற்பது மில்லி இரத்தம் இழக்கிறாள். ஒரு மில்லி இரத்தத்தோடு அரை மில்லிகிராம் இரும்பு போகும். ஆக மாதம் பதினைந்து இருபது மில்லிகிராம். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டினாலே அதிகம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் ஒட்டாது. முருங்கைக்கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக ஒட்டும். சோற்றுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

நம் வீடுகளில் பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டுகிறோம். நல்லெண்ணெய், கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை. இந்த உடம்புக்கு இப்போது தீனி வேண்டும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருக்கிறது. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள் என்பதைத் தவிர நான் திருத்தச் சொல்ல அதில் எதுவும் இல்லை. என் குறை வேறு. பதினாறாம் நாள் தண்ணி ஊற்றி, தாய்மாமன் சீர் வாங்கி, பந்தல் பிரித்ததும் அந்தக் கவனிப்பும் பிரிந்துபோகிறது. மறுமாதம் இரத்தப்போக்கு வரும்போது அவள் தட்டில் பழைய மோர்சோறுதான். முட்டை தம்பிக்குப் போய்விடுகிறது. பந்தலுக்கும் டிஜிட்டல் பேனருக்கும் செலவான பணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஐந்து வருடம் நாளுக்கொரு முட்டை கொடுக்கலாம்.

அரசு, பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை தருகிறது. அதில் அறுபது மில்லிகிராம் இரும்பும் ஐநூறு மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அதோடு வருடத்துக்கு இரண்டு தடவை குடற்புழு மாத்திரை. நல்ல திட்டம். ஆனால் ஒரு பள்ளிக்குப் போனபோது கழிவறைச் சுவருக்குப் பின்னால் நீல நீலமாகக் கொட்டிக் கிடந்ததை நானே பார்த்தேன். வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, வெளியே வந்து துப்பியிருக்கிறார்கள். தலைமையாசிரியைக்குக் கோபம். நான் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ஒருத்தி வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். இன்னொருத்தி, மலம் கறுப்பாகப் போகிறது, உள்ளே ஏதோ அழுகிவிட்டது என்றாள். மூன்றாவது பெண் ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, “இது குழந்தை பொறக்காம பண்ற மாத்திரையாமே டாக்டர்” என்றாள். யாருமே அவர்களிடம் அது என்ன மாத்திரை என்று சொல்லியிருக்கவில்லை. மலம் கறுப்பாவது இரும்பினால், ஆபத்தில்லை என்று ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினோம். அடுத்த வாரம் தலைமையாசிரியை எல்லார் முன்னாலும் முதல் மாத்திரையைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதற்கப்புறம் அந்தச் சுவருக்குப் பின்னால் நீலம் கிடக்கவில்லை.

அந்தச் சுவர் என்றதும் கழிவறை ஞாபகம் வருகிறது. இதைச் சபையில் பேசுவது அழகில்லை என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். பேசத்தான் போகிறேன். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று வரும் பள்ளிப் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, “இன்னைக்குக் காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?” என்றுதான். பெரும்பாலும் பதில் ஒன்றே: “குடிச்சா போகணுமே டாக்டர்.” காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை சித்திரை வெயிலிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்தால் வாளி இல்லை. மாதவிடாய் நாளென்றால் அணையாடையைப் போட ஒரு மூடிய கூடை இல்லை. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் செய்யும் எந்திரத்தைக் கண்டுபிடித்து நாட்டுக்கே வழி காட்டினார். 2012இல் தமிழ்நாடு ‘புதுயுகம்’ திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. கையில் நாப்கின் வந்துவிட்டது. அதை மாற்றிக்கொள்ள ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை வரவில்லை என்றால் அந்தப் பெண் காலையில் வைத்ததோடு மாலை வரை உட்கார்ந்திருப்பாள், இல்லையென்றால் மூன்று நாள் பள்ளிக்கே வரமாட்டாள். ஒரு தாழ்ப்பாளின் விலை எவ்வளவு என்று இங்கே இருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்குத் தெரியும்.

தாய்மார்களுக்கு இன்னொன்று. முதல் இரண்டு மூன்று வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வரும். பயப்பட வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பதினைந்து வயது தாண்டியும் பூப்பெய்தவில்லை என்றாலோ மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வலியில் சுருண்டு கிடப்பவளிடம் ‘எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே’ என்று சொல்லாதீர்கள். எல்லாப் பெண்ணுக்கும் இருப்பதனாலேயே அது வலிக்காமல் போய்விடாது.

இப்போது பையன்கள். வளரிளம் பருவ நலம் என்று எந்தக் கூட்டம் போட்டாலும் பெண்பிள்ளைகளை மட்டும் கூட்டி வருவார்கள். பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? பேருந்து நிலையக் கழிவறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். ‘இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா? ஒரே மாதத்தில் குணம்’ என்று போட்டு, லாட்ஜ் பெயரும் தேதியும் அறை எண்ணும் இருக்கும். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

பதினேழு வயதுப் பையன் ஒருவன், தறி ஓட்டிச் சேர்த்த ஆறாயிரம் ரூபாயை அப்படி ஒரு லாட்ஜ் அறையில் கொடுத்துவிட்டு, கறுப்பு உருண்டைகள் நிறைந்த ஒரு டப்பாவோடு என்னிடம் வந்தான். தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு இரத்தத்துக்குச் சமம், தன் உடம்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தான். ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளை. மனநல மருத்துவர் என். என். விக் 1960இலேயே இந்தப் பயத்துக்குத் ‘தாது நோய்க்குறி’ என்று பெயர் வைத்து எழுதினார். நம் நாட்டு இளைஞர்களைப் பிடித்த பயம் அது. பள்ளி விட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு நேராகவே சொல்கிறேன். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயற்கை. அதனால் இரத்தம் குறையாது, நரம்பு தளராது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. சுயஇன்பத்தாலும் இவை எதுவும் நேராது. உங்களில் பாதிப் பேருக்குக் கொஞ்ச காலம் மார்புக் காம்புக்கு அடியில் வீக்கமும் வலியும் வரும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே போய்விடும். அதற்காக வெயிலில் இரண்டு பனியன் போட்டுக்கொள்ள வேண்டாம். கபடிக்குப் போவதை நிறுத்தவும் வேண்டாம்.

இதை ஒருமுறை ஒரு மேடையில் சொன்னபோது, “பிள்ளைங்க முன்னாடி இதெல்லாமா பேசறது?” என்று ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் பதினேழு வயதில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புகையிலை, வண்டி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று ஒரு தடவை எட்டு வைத்து அளந்து பாருங்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து விபத்தானால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கே மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. எனக்கு அபராதம் முக்கியமில்லை. விடியற்காலையில் தலையில் அடிபட்டு வந்த பிள்ளைகளின் அப்பாக்களுக்கு முன்னால் நின்றவள் நான்.

தூக்கம். பதின்ம வயதில் மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பு இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் அந்த உடம்புக்குத் தூக்கம் வராது. ஆனால் அதற்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினொன்றுக்குப் படுத்தவனை விடியற்காலை ஐந்துக்குத் தனிவகுப்புக்கு எழுப்பினால் ஆறு மணி நேரம்தான் மிச்சம். பொதுத்தேர்வு வருடம் முழுவதும் நம் பிள்ளைகள் இப்படித்தான் நடமாடுகிறார்கள். செல்போனைக் குற்றம் சொல்வோம். அதில் நியாயம் உண்டு. இரவில் அது படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. ஆறு மணித் தனிவகுப்பையும் அதே நீதியோடு பார்க்க வேண்டும். படித்தது மனத்தில் தங்குவதே தூக்கத்தில்தான்.

மனத்தைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி பதினான்கு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ‘வேளாவேளைக்குச் சோறு, ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சு, அவனுக்கென்ன குறைச்சல்’ என்கிறோம். நண்பர்களிடமிருந்து விலகுவது, பிடித்த விளையாட்டை விடுவது, சிடுசிடுப்பு, தூக்கம் கெடுவது, ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே’ என்ற பேச்சு. இவற்றைக் கேட்டதும் அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலருக்கு யாராவது கேட்டுவிட்டார்களே என்று ஒரு மூச்சு வரும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பிள்ளைகளே, நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிவு நாளைச் சொல்லாமல் விட முடியாது. முன்பெல்லாம் அன்று மாலை மாநில முதலிடம் வந்த பிள்ளைக்கு ஊட்டப்படும் இனிப்பு எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும். அதே நேரம் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. தவறியவர்கள் அந்த வருடத்தை இழக்காமல் உடனடித் துணைத்தேர்வு எழுதலாம். இந்த இரண்டையும் மருந்தின் வரிசையில் வைத்து எண்ணுகிறவள் நான். வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முடிவு வரும் நாளில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு இருங்கள். அன்று ஒரு நாள் கூலி போகட்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பாலியல் குற்றங்களிலிருந்து பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் காப்பு. அது வந்த பிறகுதான் பல பிள்ளைகள் வாய் திறந்தார்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போனால் தகவல் காவல் நிலையத்துக்குப் போய்விடும் என்ற பயத்தில், கர்ப்பமான சிறு பெண்களை வீட்டிலேயே எதையோ கொடுத்துச் சீரழித்ததையும் பார்த்திருக்கிறேன். கருக்கலைப்புக்கு வரும் பதினெட்டு வயது நிறையாத பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல்துறைக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது ஊருக்குள் தெரிய வேண்டிய செய்தி. தெரிந்தால் சில உயிர்கள் நேரத்தோடு வந்து சேரும்.

கடைசியாக, அந்த நடு வருடங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2014 ஜனவரியில் மத்திய அரசு வளரிளம் பருவத்தினருக்கென்றே ஒரு தேசிய நலத்திட்டம் தொடங்கியது. சத்துணவு, பாலியல் நலம், மனநலம், வன்முறை, போதை, தொற்றா நோய்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து எழுதிய திட்டம். அதன்படி நான் இருந்த நிலையத்திலும் ஓர் அறை ஒதுக்கி, வளரிளம் பருவத்தினர் நல மையம் என்று பெரிய பலகை மாட்டினோம். காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை. ஒரு வருடத்தில் யாரும் வரவில்லை. அறையில் மருந்துப் பெட்டிகள் அடுக்க ஆரம்பித்தோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளியிலிருந்து வந்தால்கூட, ஊரே உட்கார்ந்திருக்கும் வராந்தாவைத் தாண்டி, அந்தப் பலகைக்குக் கீழே நுழைய எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

எங்கள் செவிலியர் ஒருவர்தான் வழி சொன்னார். பலகையைக் கழற்றினோம். சனிக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை, காயத்துக்குக் கட்டுப் போடும் அறையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். இரண்டு நாற்காலி, ஒரு திரை, எடை பார்க்கும் கருவி. பெயர் எழுதவில்லை, சீட்டு இல்லை. கூட வரும் அம்மாவோ நண்பனோ திரைக்கு வெளியே இருக்க வேண்டும். பள்ளிகளில் போய் ஒரே ஒரு தடவை சொன்னோம்.

மூன்று சனிக்கிழமை யாரும் வரவில்லை. நான் பேப்பர் படித்துவிட்டுக் கிளம்பினேன். நான்காவது வாரம் ஐந்தரை மணி இருக்கும், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கதவோரம் நின்றான். முழங்கையைக் காட்டி, “பிளாஸ்திரி வேணும் டாக்டர்” என்றான். காய்ந்து உதிர்ந்துபோன பழைய சிராய்ப்பு அது. பிளாஸ்திரிக்கு அவசியமே இல்லை. நான் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தேன், மெதுவாக ஒட்டினேன். ஒட்டி முடித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஒரு பேருந்து போனது. பிறகு அவன் தரையைப் பார்த்தபடி, “டாக்டர், இன்னொண்ணு கேக்கலாமா?” என்றான்.

அன்று நிலையத்தைப் பூட்டும்போது இரவு மணி எட்டு.